மருந்து ஆய்வு மென்பொருளில் யூஏடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்து நிறுவனங்களுக்காக ஆய்வுகளை நடத்தித் தரும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் சிஆர்ஓ நிறுவனங்களில் டேட்டா மேனேஜ்மென்ட் வேலைக்குச் சேரும் பலருக்குச் சீக்கிரமே ஒரு மின்னஞ்சல் வரும்: "அடுத்த வாரம் யூஏடி, உங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறோம்." மருத்துவமனைகளில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருப்பவர்களுக்கும் சில சமயம் இந்த அழைப்பு வருகிறது. பி.ஃபார்ம், மைக்ரோபயாலஜி, நர்சிங் படித்தவர்களுக்கு மென்பொருள் சோதனை புதிது. ஐடியிலிருந்து வந்தவர்களுக்கு மருந்து ஆய்வு புதிது. இரு தரப்பும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யூஏடி என்றால் சரியாக என்ன?

பயனர் ஏற்புச் சோதனை. ஒரு மருந்து ஆய்வில் யார் சேரலாம், எந்த நாளில் எந்தப் பரிசோதனை, யாருக்கு எந்த அளவு மருந்து என்பதெல்லாம் புரோட்டோகால் என்ற ஆவணத்தில் இருக்கும். அதைப் படித்து, ஆய்வுக்கான மென்பொருளை ஒரு குழு அமைத்துத் தருகிறது. மருத்துவமனை தரவை உள்ளிடும் இடிசி, யாருக்கு எந்த மருந்துப் பெட்டி என்று தீர்மானிக்கும் ஐஆர்டி, நோயாளியே பதில் எழுதும் இ-ப்ரோ செயலி எல்லாம் இதில் வரும். புரோட்டோகாலில் உள்ளதும் திரையில் நடப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று, முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் இடத்தில் நின்று பார்ப்பதுதான் யூஏடி.

சாதாரணச் செயலியில் பிழை வந்தால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். இங்கே 29-ஆம் நாள் வலி எவ்வளவு என்று நோயாளியிடம் கேட்க வேண்டிய திரை அன்று திறக்கவில்லை என்றால், அந்த விடை போனது போனதுதான். மறு வாரம் கூப்பிட்டுக் கேட்டு வாங்க முடியாது. தன் உடம்பை நம்பிக் கொடுத்த ஒருவரின் பங்களிப்பு அப்படி வீணாகக் கூடாது என்பதற்காகவே இத்தனை பாடு.

மென்பொருள் நிறுவனம் ஏற்கெனவே வேலிடேட் செய்துதானே தருகிறது? மறுபடி ஏன்?

வேலிடேட் செய்வது என்றால், மென்பொருள் சொன்னபடி வேலை செய்கிறது என்று சோதித்து ஆவணப்படுத்துவது. அவர்கள் வேலிடேட் செய்வது அடிப்படைத் தளத்தை. கடவுச்சொல் வேலை செய்கிறதா, யார் எதை எப்போது மாற்றினார் என்ற ஆடிட் டிரெயில் பதிவாகிறதா, தரவு சேமிக்கப்படுகிறதா என்பதெல்லாம் அங்கே முடிந்திருக்கும். உங்கள் ஆய்வில் ரத்த அழுத்த வரம்பு 160 என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது. அது உங்கள் ஆய்வுக்காகச் சேர்த்த அமைப்பு. யூஏடி பார்க்க வேண்டியது அதைத்தான்.

சட்டம் இதைக் கட்டாயப்படுத்துகிறதா?

மின்னணுப் பதிவுகள், கையொப்பங்கள் பற்றிய அமெரிக்க எஃப்டிஏ விதியான 21 சிஎஃப்ஆர் பார்ட் 11, 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணினி முறைகளை வேலிடேட் செய்யச் சொல்கிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் கணினி முறைகள் பற்றிய வழிகாட்டுதல் 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. மருந்து ஆய்வுகளை நடத்தும் முறை பற்றிய சர்வதேச வழிகாட்டுதலான ஐசிஎச் இ6-இன், 2025 ஜனவரியில் இறுதியான மூன்றாம் திருத்தம் இன்னும் தெளிவு: தளத்தின் பொதுச் செயல்பாடுகளோடு, குறிப்பிட்ட ஆய்வுக்காகச் செய்த அமைப்புகளும், தானியங்கிச் சரிபார்ப்புகளும், கணக்கீடுகளும் வேலிடேட் செய்யப்பட வேண்டும் என்கிறது. வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும் கடைசிப் பொறுப்பு ஆய்வை முன்னின்று நடத்துவிக்கும் ஸ்பான்சருடையதே.

யார் சோதிக்க வேண்டும்?

மென்பொருளைக் கட்டியவர் சோதிக்கக் கூடாது. டேட்டா மேனேஜர், கண்காணிப்புக்குப் போகும் சிஆர்ஏ, மருத்துவர், புள்ளியியலாளர், மருந்துப் பாதுகாப்புக் குழு என ஒவ்வொருவரும் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். முடிந்தால் ஓர் ஒருங்கிணைப்பாளரையும் சேருங்கள். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் நின்று தரவு உள்ளிட்டவருக்கு, "இந்தப் பக்கத்தைச் சேமிக்காமல் அடுத்ததற்குப் போனால் என்ன ஆகும்?" என்ற கேள்வி தானாக வரும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வருவது அபூர்வம்.

டெஸ்ட் ஸ்கிரிப்டை எதை வைத்து எழுதுவது? விவரக்குறிப்பு போதுமா?

போதாது. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். டெஸ்ட் ஸ்கிரிப்ட் என்பது என்ன உள்ளிட வேண்டும், என்ன நடக்க வேண்டும் என்று படிப்படியாக எழுதிய சோதனைக் குறிப்பு. விவரக்குறிப்பு என்பது புரோட்டோகாலைப் பார்த்து, மென்பொருள் எப்படி அமைய வேண்டும் என்று எழுதிய ஆவணம். விவரக்குறிப்பை மட்டும் பார்த்து ஸ்கிரிப்ட் எழுதினால், விவரக்குறிப்பில் உள்ள தவறும் சேர்ந்தே தேறிவிடும்.

ஓர் உதாரணம். "சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் 160 அல்லது அதற்கு மேல் இருந்தால் சேர்க்கக் கூடாது" என்கிறது புரோட்டோகால். விவரக்குறிப்பு எழுதியவர் "160-க்கு மேல்" என்று எழுதிவிட்டார். நிரலும் அப்படியே அமைந்தது. அதைப் பார்த்து ஸ்கிரிப்ட் எழுதியவர் 170 போட்டார், க்வெரி (தரவைச் சரிபார்க்கச் சொல்லி மென்பொருள் எழுப்பும் கேள்வி) வந்தது. 140 போட்டார், வரவில்லை. பாஸ். நாளைக்கு சரியாக 160 உள்ள ஒருவர் வந்தால் மென்பொருள் அவரைத் தடுக்காமல் உள்ளே விடும். எந்தக் காகிதத்திலும் பிழை தெரியாது, ஏனென்றால் எல்லாக் காகிதமும் ஒரே தவறைச் சொல்கிறது.

எனவே புரோட்டோகாலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். முதலில் வருகை அட்டவணை, அப்புறம் சேர்ப்பு விலக்கு விதிகள், அப்புறம் மருந்தளவு மாற்றும் விதிகள். பிறகு விவரக்குறிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் சோதனையை நிறுத்திவிட்டு முதலில் அந்த முரணைத் தீர்க்க வேண்டும்.

எடிட் செக் நூற்றுக்கணக்கில் இருக்கிறதே, ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது?

எடிட் செக் என்பது உள்ளிட்ட தரவை மென்பொருள் தானாகச் சரிபார்க்கும் விதி. ஒவ்வொரு செக்கையும் இரண்டு பக்கமும் பாருங்கள்: வர வேண்டிய இடத்தில் க்வெரி வருகிறதா, வரக்கூடாத இடத்தில் வராமல் இருக்கிறதா. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லாத க்வெரி நூறு வந்தால் மருத்துவமனையில் இருப்பவர் படிக்காமலே மூட ஆரம்பித்துவிடுவார், அதோடு உண்மையான எச்சரிக்கையும் போய்விடும்.

எல்லை மதிப்பு, அதற்கு ஒன்று கீழே, ஒன்று மேலே. இந்த மூன்றும் கட்டாயம். காலி விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அலகுகளை மாற்றிப் பாருங்கள். ரத்தச் சர்க்கரையை இந்திய ஆய்வகம் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்று தரும். ஐரோப்பிய ஆய்வகங்கள் பலவும் அதையே லிட்டருக்கு 7.0 மில்லிமோல் என்று தரும். மில்லிமோலைத் தேர்ந்தெடுத்துவிட்டு 126 என்று போட்டால் மென்பொருள் சும்மா இருக்கிறதா? உடல் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் கேட்கும் இடத்தில் 37 போட்டால்?

போட்ட மதிப்பைத் திருத்தியும் பாருங்கள். திருத்திய பின் க்வெரி தானாக மூடுகிறதா, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது, ஏன் என்பவை ஆடிட் டிரெயிலில் விழுகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

தேதிகளில் ஏன் இவ்வளவு பிழை வருகிறது?

ஆய்வில் நாள் எண்ணும் முறை வீட்டில் எண்ணுவது போல இருப்பதில்லை. முதல் மருந்து கொடுத்த நாளைப் பெரும்பாலான ஆய்வுகள் 1-ஆம் நாள் என்கின்றன. தரவைச் சமர்ப்பிக்கப் பயன்படும் எஸ்டிடிஎம் தரமுறையில் 0-ஆம் நாள் என்பதே கிடையாது. மைனஸ் 1-க்கு அடுத்தது 1. சில புரோட்டோகால்களிலோ 0-ஆம் நாள் இருக்கும். இந்த ஒரு நாள் வித்தியாசம்தான் வினை.

கணக்காகவே பார்ப்போம். முதல் மருந்து 2024 பிப்ரவரி 1. 29-ஆம் நாள் வருகை, முன்னும் பின்னும் 3 நாள் அனுமதி. பிப்ரவரி 1 முதல் நாள் என்பதால் 28 நாள் கூட்ட வேண்டும். லீப் ஆண்டு, ஆக 29-ஆம் நாள் பிப்ரவரி 29. அனுமதிக்கப்பட்ட காலம் பிப்ரவரி 26 முதல் மார்ச் 3 வரை. நிரலில் தவறாக 29 நாள் கூட்டியிருந்தால் அது பிப்ரவரி 27 முதல் மார்ச் 4 வரை என்றாகிவிடும். நீங்கள் பிப்ரவரி 28 என்று போட்டுச் சோதித்தால் இரண்டிலும் பாஸ்தான். பிப்ரவரி 25, 26, மார்ச் 3, 4 ஆகிய நான்கையும் போட்டால்தான் பிழை வெளியே வரும்.

இன்னும் சில: இன்று 18 வயது நிறைகிறவர், நாளை நிறைகிறவர். நாள் தெரியாமல் மாதமும் ஆண்டும் மட்டும் தெரிந்த பழைய நோய். ஒப்புதல் கையெழுத்தும் ரத்த மாதிரியும் ஒரே தேதியில், ஆனால் மாதிரி எடுத்த நேரம் முன்னால். கடைசியில் சொன்னதை மென்பொருள் பிடிக்கவே வேண்டும், ஏனென்றால் ஒப்புதலுக்கு முன் ஊசி குத்துவது நோயாளியின் உரிமையை மீறுவது.

ஐஆர்டி சோதனையில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

நிறைய இருக்கிறது. இங்கே பிழை நடந்தால் நேராக நோயாளியின் கைக்குத் தவறான மருந்து போகும், அல்லது யாருக்கு எது என்ற ரகசியம் உடையும்.

முதல் விதி: உண்மையான ரேண்டமைசேஷன் பட்டியலை, அதாவது யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல் போல முன்பே தீர்மானித்த பட்டியலை, வைத்துச் சோதிக்காதீர்கள். அதே அமைப்பில், வேறு உள்ளடக்கத்தோடு ஒரு போலிப் பட்டியலைப் புள்ளியியல் குழு தர வேண்டும். உண்மைப் பட்டியலைப் பார்த்த சோதனையாளர் அந்த ஆய்வில் ப்ளைண்ட் ஆனவராக, அதாவது யாருக்கு எது என்று தெரியாதவராக, இருக்க முடியாது.

அடுத்து, பிரிவுகள். 65 வயதுக்குக் கீழ், 65-ம் அதற்கு மேலும் என்று பிரித்து ரேண்டமைஸ் செய்யும் ஆய்வு என்றால் ஒவ்வொரு பிரிவிலும் போலி நோயாளிகளைச் சேர்த்து, போலிப் பட்டியலின் வரிசைப்படி மருந்து ஒதுக்கப்படுகிறதா என்று புள்ளியியலாளர் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சரியாக 65 வயதுக்காரர் எந்தப் பிரிவில் விழுகிறார்? இடிசியில் வயதைப் பிறகு திருத்தினால் ஐஆர்டி என்ன செய்கிறது?

மருத்துவமனையில் பெட்டி தீர்ந்துபோன நிலையை உருவாக்கி அப்போது ஒருவரை ரேண்டமைஸ் செய்து பாருங்கள். காலாவதித் தேதி, அடுத்த வருகைக்கு முன்பே முடியும் பெட்டியை வழங்கச் சொல்கிறதா என்று பாருங்கள். ஒரே பொத்தானை இருமுறை அழுத்தினால் இரண்டு பெட்டிகள் போகின்றனவா என்பதையும் பாருங்கள். நெட் மெதுவாக இருக்கும் ஊரில் இது அன்றாடம் நடக்கும்.

அவசரமாக ரகசியம் திறக்கும் வசதியை எல்லாரும் ஒருமுறை சோதித்து விட்டுவிடுகிறார்கள். நள்ளிரவில் ஒரு மருத்துவர், நோயாளி தீவிரச் சிகிச்சையில் இருக்கும்போது அதைத் திறக்க வேண்டியிருக்கும். அவருடைய கணக்கு பூட்டியிருந்தால் வேறு வழி உண்டா? திறந்த பிறகு தானாகப் போகும் மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள், தலைப்பு வரி உட்பட. "திறக்கப்பட்டது" என்ற செய்தி ஸ்பான்சர் குழுவுக்குப் போகலாம். மருந்தின் பெயர் போகவே கூடாது.

ரகசியம் வேறு வழியிலும் கசியும். கொழுப்பைக் குறைக்கும் மருந்தின் ஆய்வில், தொடங்கிய பின் வரும் எல்டிஎல் அளவைப் பார்த்தாலே யாருக்கு உண்மை மருந்து என்று ஊகிக்கலாம். அந்த முடிவை மறைக்கச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு பயனர் வகையாகவும் உள்ளே போய், திரையிலும் அறிக்கையிலும் டவுன்லோட் கோப்பிலும் அது மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். திரையில் மறைத்துவிட்டு எக்செல் கோப்பில் காட்டும் அமைப்புகள் உண்டு.

நோயாளியே பதில் எழுதும் இ-ப்ரோ செயலியை எப்படிச் சோதிப்பது?

மேஜையில் உட்கார்ந்து வேகமாக அழுத்திச் சோதித்தால் அது யூஏடி ஆகாது. போனை எடுத்துக்கொண்டு, நெட்டை அணைத்துவிட்டு, மாலை நாட்குறிப்பை நிரப்புங்கள். மறுநாள் காலை நெட் வந்ததும் அனுப்புங்கள். பதில் எழுதிய நேரமும் சர்வருக்குப் போன நேரமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். போன் கடிகாரத்தைக் கையால் முன்னே தள்ளிவைத்துப் பாருங்கள். நம் ஊரில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது என்பதால் நமக்கு அது நினைவுக்கே வராது. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை ஒரு மணி நேரம் இருமுறை வருகிறது. அங்கே நடக்கும் ஆய்வை சென்னையில் சோதிக்கும் குழு இதை ஸ்கிரிப்டில் எழுதியே வைத்துக்கொள்ள வேண்டும்.

வலியை 0 முதல் 10 வரை கேட்கும்போது பதினொரு எண்களும் தள்ளிப் பார்க்காமல் ஒரே திரையில் தெரிய வேண்டும். 10 கீழே மறைந்திருந்தால் கடுமையான வலி உள்ளவர் 7-ஐத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்.

மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ஆய்வில் அதற்கு எச்சரிக்கை வைத்திருந்தால், மிகக் கடுமையான பதிலான 3-ஐ மட்டும் சோதித்து விட்டுவிடாதீர்கள். 1 என்ற பதிலுக்கும் எச்சரிக்கை போகிறதா, எத்தனை நிமிடத்தில் போகிறது, யாருக்குப் போகிறது? போன் நெட் இல்லாமல் இருந்தால் திரையில் நோயாளிக்கு உதவி எண் காட்டுகிறதா? இதில் கொஞ்சம்கூடச் சமரசம் வேண்டாம்.

தமிழ்த் திரைகள் இருந்தால்?

தமிழ்நாட்டு மையங்களில் நடக்கும் ஆய்வுகளில் கேள்வித்தாள் தமிழில் இருக்கும். ஒப்புதல் பெற்ற மொழிபெயர்ப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, திரையை எழுத்தெழுத்தாக ஒப்பிட, தமிழ் நன்றாகப் படிக்கும் ஒருவர் தேவை. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் முன்னால் வரும் கொம்பு பிரிந்து தனியே நிற்பது, புள்ளி அடுத்த எழுத்தின் மேல் ஏறுவது, நீண்ட சொல் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுவது எல்லாம் பழைய ஆண்ட்ராய்ட் போன்களில் இன்றும் நடக்கலாம். எழுத்தளவைப் பெரிதாக்கி மறுபடி பாருங்கள், முதியவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

நினைவூட்டல் குறுஞ்செய்தியையும் மறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து; தமிழ் போன்ற யூனிகோடு செய்திக்கு 70 மட்டுமே. அதற்கு மேல் போனால் துண்டுகளாகப் பிரியும். கூப்பிட வேண்டிய எண் கடைசித் துண்டில் இருந்தால் அது வந்து சேர்கிறதா என்று உண்மையான போனில் பாருங்கள்.

உண்மையான நோயாளி தரவை வைத்துச் சோதிக்கலாமா?

கூடாது. பெயரை நீக்கிவிட்டோம் என்று சொல்லி எடுத்து வருவதும் வேண்டாம். போலித் தரவை உருவாக்குங்கள், சோதனைச் சூழலில் மட்டும் போடுங்கள். அந்தச் சூழலில் உண்மையானவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போலி மரணச் செய்தி ஒன்று ஒரு மருத்துவருக்கு இரவில் போய்ச் சேர்வது யாருக்கும் நல்லதில்லை.

பாதகமான நிகழ்வுகள் பகுதியில் என்ன சோதிக்க வேண்டும்?

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, தீவிரப் பாதக நிகழ்வை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எனவே 'தீவிரம்' என்று குறித்த கணமே பாதுகாப்புக் குழுவுக்குச் செய்தி போக வேண்டும். இதை எல்லாரும் சோதிப்பார்கள். முதலில் 'தீவிரமில்லை' என்று சேமித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நோயாளி மருத்துவமனையில் சேர்ந்ததும் 'தீவிரம்' என்று மாற்றினால்? செய்தி போகாமல் நின்றுவிடும் இடம் பெரும்பாலும் இதுதான்.

தரவு சரியாகப் பதிவானால் போதாதா? வெளியே எடுக்கும் கோப்பையும் ஏன் பார்க்க வேண்டும்?

திரையில் சரியாகத் தெரிவது, பகுப்பாய்வுக்குப் போகும் வழியில் தலைகீழாகலாம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சிஓபிடி என்ற நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் 240 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2018-ல் ஜாமா இதழில் வெளியானது: அவர்களின் பராமரிப்புத் திட்டத்தால் மருத்துவமனைச் சேர்க்கைகளும் அவசர சிகிச்சை வருகைகளும் குறைந்தன என்று. பிறகு தெரியவந்தது, யார் எந்தக் குழு என்பதைக் குறிக்கும் 1, 2 என்ற குறியீட்டை 0, 1 என்று மாற்றும்போது குழுக்கள் இடம் மாறிவிட்டன. உண்மையில் திட்டத்தில் இருந்தவர்களுக்கே அந்த நிகழ்வுகள் அதிகம். 2019-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய வடிவில் மீண்டும் வெளியானது.

இது இடிசி பிழை இல்லை. பகுப்பாய்வு நிரலின் பிழை. ஆனால் யூஏடியில் இருப்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. விடை முன்பே தெரிந்த சில போலி நோயாளிகளை உள்ளிட்டு, கோப்பை வெளியே எடுத்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் உள்ளிட்டதோடு கையால் ஒப்பிடுங்கள். 'ஆம்' என்பது 1-ஆ 2-ஆ, ஆண் எது பெண் எது என்று புள்ளியியலாளர் கூடவே உட்கார்ந்து பார்க்கட்டும்.

பிழையை எப்படி எழுதுவது?

எந்தப் பதிப்பு, எந்தப் பயனர் வகை, எந்தப் போலி நோயாளி எண், என்ன உள்ளிட்டீர்கள், புரோட்டோகாலின் எந்தப் பகுதிப்படி என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் கட்டுபவர் திருப்பி அனுப்புவார், இரண்டு நாள் போகும்.

ஃபெயில் ஆனதை அழித்துவிட்டுப் பாஸ் என்று எழுதாதீர்கள். ஃபெயில் அப்படியே இருக்கட்டும். திருத்திய பின் மறுசோதனை அதற்குக் கீழே வரட்டும். ஒரு பிழைகூட இல்லாத யூஏடி அறிக்கையைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

நேரமே தருவதில்லை. எதை விடலாம்?

முகவரிப் பக்கத்தின் எழுத்து நிறம், அறிக்கையின் அழகு போன்றவற்றை விடலாம். சேர்ப்பு விதிகள், ரேண்டமைசேஷன், மருந்தளவு, ஆய்வின் முதன்மை முடிவுக்கான தரவு, பாதுகாப்புச் செய்திகள், பயனர் அனுமதிகள் ஆகியவற்றை விடக் கூடாது. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று சோதனைத் திட்டத்தில் எழுதி, பொறுப்பில் உள்ளவரின் கையொப்பம் வாங்குங்கள். வாய்மொழியாக "பரவாயில்லை, விடுங்கள்" என்று சொல்லப்பட்டதை ஏற்காதீர்கள்.

எனக்கு கோடிங் தெரியாது. நான் பயன்படுவேனா?

நிச்சயமாக. நிரலைப் படிக்கத் தெரிவதைவிட, வார்டில் என்ன நடக்கும் என்று தெரிவது இங்கே அதிகம் பயன்படும். ஒரு நர்ஸ், "நோயாளி நிற்க முடியாவிட்டால் எடை எப்படிப் பதிவது?" என்று கேட்டாலே ஒரு கட்டாயப் புலம் தவறு என்று தெரிந்துவிடும்.

ஆய்வு நடக்கும்போது புரோட்டோகால் திருத்தம் வந்தால் முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டுமா?

முழுவதையும் வேண்டாம். மாறியதையும், மாறியது தொடும் இடங்களையும் பாருங்கள். ஆனால் புதிதாகச் சேர்த்த போலி நோயாளியை மட்டும் வைத்துச் சோதித்தால் பாதி வேலைதான் ஆகிறது. பழைய பதிப்பில் சேர்ந்து, பாதி வருகைகள் முடித்து, பக்கங்களில் மருத்துவரின் மின்னணுக் கையொப்பமும் பெற்ற போலி நோயாளி ஒருவரைச் சோதனைச் சூழலில் தயாராக வைத்திருங்கள். திருத்தத்தை அவர் மேல் செலுத்திப் பாருங்கள்.

பழைய தரவு அப்படியே இருக்கிறதா? புதிதாகச் சேர்த்த கேள்வி, முடிந்துபோன வருகைகளிலும் தோன்றி "பதில் இல்லை" என்று க்வெரி எழுப்புகிறதா? கையொப்பங்கள் விழுந்துவிட்டனவா? இன்னொன்றும் உண்டு: திருத்தத்துக்கு ஒரு மருத்துவமனையின் நெறிக்குழு ஒப்புதல் தந்திருக்கும், இன்னொன்றின் குழு இன்னும் தந்திருக்காது. ஒப்புதல் வராத மையத்தில் பழைய பதிப்பே ஓட வேண்டும். இரண்டு மையங்களை இரண்டு பதிப்பில் வைத்து, ஒரு நோயாளியை முதல் மையத்திலிருந்து இரண்டாவதற்கு மாற்றிப் பாருங்கள். திருத்தம் லைவ் போன முதல் வாரத்தில் வரும் க்வெரிகளை மையவாரியாக எடுத்துப் பாருங்கள். எல்லா மையங்களிலும் ஒரே க்வெரி குவிந்தால் அவர்களிடம் விளக்கம் கேட்பதற்கு முன், அந்த எடிட் செக்கைத் திறந்து பாருங்கள்.